பின் கேட் சாவி யாரிடம்?

உங்களுக்கு மேடை பயம் உண்டா? எனக்குக் கிடையாது. மைக் கையில் கிடைத்தால் திருப்பிக் கொடுக்க மனசு வராத ரகம் நான். எனக்குப் பயமெல்லாம் வேறு விஷயங்களில். பல் டாக்டர், மலைப்பாதையில் போன் பேசிக்கொண்டே ஓட்டும் டிரைவர், அப்புறம்... சாயங்காலம் மேகம் இறங்குகிற நேரம்.

போன சனிக்கிழமை இந்தக் கடைசி ஐட்டம் என்னை ஒரு வழி பண்ணிவிட்டது. இதை எழுதும்போதுகூட உள்ளங்கை வேர்க்கிறது. கொடைக்கானலில், கார்த்திகை மாதக் குளிரில் ஒருத்திக்கு உள்ளங்கை வேர்க்கிறதென்றால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். தாண்டிக்குடி போகிற ரோட்டில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் மலை வளாகம் இருக்கிறது. பெயர் வேண்டாமே. நல்ல மனிதர்கள், சாப்பாடும் நன்றாகப் போடுகிறார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ‘மக்கள் மேடை’ என்று ஒரு நிகழ்ச்சி நடத்துகிறார்கள். பல்கலைக்கழகம் நாலு சுவருக்குள் அடைந்து கிடக்கக்கூடாது, சுற்றியிருக்கிற ஊர்க்காரர்கள் உள்ளே வரவேண்டும், அவர்கள் பேசவேண்டும், படித்தவர்கள் கேட்கவேண்டும் என்பது திட்டம். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. இந்தத் தடவை என்னையும் பேசக் கூப்பிட்டு, நாயுடுபுரத்தில் என் வீட்டு வாசலுக்கே ஜீப் அனுப்பியிருந்தார்கள்.

இந்த மாதத் தலைப்பு: ‘வன விலங்குகளும் நாமும் – அச்சமின்றி வாழ்வோம்’.

மலையில் இருக்கிறவர்களுக்கு வன விலங்கு என்றால் முதலில் காட்டெருமைதான். நாங்கள் சும்மா ‘மாடு’ என்போம். என் வீட்டு ஹைட்ரேஞ்சாச் செடியை வாரம் ஒருமுறை மேய்ந்துவிட்டுப் போகும். கேட்டுக்கு உள்ளே நின்று பார்த்தால் அழகு. கேட்டுக்கு வெளியே எதிரெதிரே பார்த்தால்... அழகைப் பற்றியெல்லாம் அப்போது யோசிக்க முடியாது.

நிகழ்ச்சிக்குப் பொறுப்பு பேராசிரியர் முத்துக்குமரன். சின்ன வயசு, ரொம்ப ஆர்வமான ஆள். கூட்டம் ஆரம்பிக்கும் முன் முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் என்னை அழைத்துப் போனார்.

“மேடம், இவங்க செல்வராணி. நம்ம வளாகத்துக்குப் பின்னாடிதான் இவங்க ஊரு. இன்னைக்கு ‘மக்கள் குரல்’ பகுதியில பேசப் போறாங்க.”

சேலைக்கு மேல் ஆண்பிள்ளை ஸ்வெட்டர், தலையில் மஃப்ளர், மடியில் ஒரு டார்ச். சவ்சவ்வும் பீன்ஸும் போடுகிற குடும்பம். வீட்டுக்காரர் தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலைக்குப் போய்விட்டு வாரக் கடைசியில் வருகிறவர். கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது.

“பயமா இருக்காம்மா?”

“கெதக்கு கெதக்குனு இருக்குக்கா. எம் பொண்ணு வினோதினி எழுதிக் குடுத்து, ஒரு வாரமா மனப்பாடம் பண்ண வச்சிருக்கா. மூணாவது வரி வந்தா மறந்துபோகுது.”

என்ன பேசப்போகிறாள் என்று கேட்டேன். அவள் சொன்னது சின்ன விஷயம். நீங்களும் கேளுங்கள், ஏனென்றால் அன்றைக்கு நடந்ததெல்லாம் இந்தச் சின்ன விஷயத்தைச் சுற்றித்தான்.

பஸ் ஸ்டாப், பல்கலைக்கழகத்தின் முன் கேட்டுக்கு எதிரே. செல்வராணியின் ஊர் பின் கேட்டுக்கு அந்தப்புறம். நடுவில் வளாகத்துக்குள்ளே சிமெண்ட் ரோடு, வழியெல்லாம் டியூப் லைட். முன்பெல்லாம் ஊர்க்காரர்கள் அதில்தான் போய் வந்தார்கள். மாடுகளும் அப்படித்தான். பிறகு சுற்றுச்சுவர் எழுப்பினார்கள், பின் கேட்டைப் பூட்டினார்கள். வளாகத்துத் தோட்டம் பிழைத்தது. ஆனால் மாடுகள் எங்கே போகும்? சுவரை ஒட்டி, ஓடைக்கு மேலே போகிற ஒற்றையடிப் பாதைக்கு வந்துவிட்டன. ஊர்க்காரர்களுக்கும் மிச்சமிருப்பது அதே பாதைதான். போன மழைக்காலத்தில் செல்வராணியின் பக்கத்து வீட்டுக்காரரை அந்தப் பாதையில் ஒரு மாடு முட்டித் தள்ளியது. மனுஷன் இன்னும் எழுந்து நடக்கவில்லை.

வினோதினி பிளஸ் ஒன் படிக்கிறாள். சனிக்கிழமையும் ஸ்பெஷல் கிளாஸ். அவள் பஸ் வந்து சேரும்போது மேகம் இறங்கி, இருட்டவும் ஆரம்பித்திருக்கும். தினமும் அம்மா பஸ் ஸ்டாப்புக்குப் போய்க் கூட்டி வருகிறாள்.

“சாயங்காலம் மட்டும் அந்த பின் கேட்டத் தொறந்து விட்டாப் போதுங்க்கா. வேற ஒண்ணுமே வேணாம். இல்லேன்னா புள்ளய நிப்பாட்டிருவேன். படிப்பு கெடக்கு, உசுரு வேணும்ல?”

“இன்னைக்குப் பொண்ணை யாரு கூட்டிட்டு வரப் போவா?”

“கூட்டம் வெள்ளனே முடிஞ்சிரும்னு சார் சொன்னாருக்கா. முடிச்சிட்டு நேரா பஸ் ஸ்டாப்புக்குப் போயிருவேன்.”

கூட்டம் வெள்ளனே முடியுமா? தமிழ்நாட்டில் எந்தக் கூட்டமாவது அப்படி முடிந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

சிறப்பு விருந்தினர், சென்னையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற உயர் அதிகாரி. வார இறுதி டிராஃபிக்கில் மாட்டி, எல்லோரும் இரண்டு டீ குடித்து முடித்த பிறகுதான் வந்தார். அப்புறம் தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடைகள். ஒவ்வொரு பொன்னாடைக்கும் ஒரு போட்டோ. போட்டோகிராபர் “சார், இன்னொரு தடவை” என்றால் போர்த்தியதை எடுத்து மறுபடி போர்த்தவேண்டும். எனக்கும் ஒன்று போர்த்தினார்கள். ஆரஞ்சு கலர். வாங்கிக்கொண்டு பல்லைக் காட்டினேன்.

எனக்குக் கொடுத்த நேரத்தில் பேசினேன். கைதட்டினார்கள். சிறப்பு விருந்தினர் தனக்குக் கொடுத்த நேரத்தையும், செல்வராணிக்குக் கொடுத்த நேரத்தையும் சேர்த்துப் பேசினார். ஆப்பிரிக்காவில் ஜீப்புக்குள் உட்கார்ந்து சிங்கத்தைப் பார்த்த அனுபவம். பயப்படவே கூடாது என்பது அவருடைய கட்சி.

மேடையிலிருந்து பார்த்தால் ஜன்னல் நேரே தெரியும். முதலில் யூகலிப்டஸ் மர உச்சிகள் காணாமல் போயின. அப்புறம் மரங்கள். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை, வெள்ளையாக ஒரு சுவர்தான். செல்வராணி மேடையைப் பார்க்கவே இல்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருதடவை எழுந்தாள். பேராசிரியர் தூரத்திலிருந்து “அடுத்தது நீங்கதான்” என்று கையைக் காட்டினார். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

ஏன் எழுந்து போகவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் பின்னால் கேட்டேன். “பேசிட்டா நாளையில இருந்து இந்தப் பயமே இல்லையேக்கா. அதான்...” என்றாள்.

கடைசியில் தொகுப்பாளர் மாணவி இனிமையான குரலில் அறிவித்தாள். “நேரமின்மை காரணமாக ‘மக்கள் குரல்’ பகுதி அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது.” உடனே நன்றியுரை, உடனே நாட்டுப்பண். எல்லோரும் எழுந்து நின்றோம். செல்வராணியும் நின்றாள், அசையாமல். டார்ச்சைக் கையில் எடுத்து வைத்திருந்தாள். பாட்டு முடிந்த அடுத்த நொடி ஓடினாள்.

நானும் பின்னாலேயே போனேன். தைரியம் எல்லாம் ஒன்றுமில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன், அதன்பிறகு போய் டிஃபன் சாப்பிட முடியவில்லை. “மேடம், ஜீப் ரெடி மேடம், டிஃபன்...” என்று பேராசிரியரும் என் பின்னால் வந்தார்.

முன் கேட்டில் வாட்ச்மேன். எதிரே பஸ் ஸ்டாப் காலி.

“அண்ணே, எம் புள்ள வந்துச்சா? பச்சைத் தாவணி யூனிபாரம்...”

“வந்துச்சும்மா. எங்கம்மா உள்ள கூட்டத்துல இருக்காங்க, பாக்கணும்னுச்சு. அழைப்பிதழ் இருக்கான்னு கேட்டேன், இல்லேன்னுச்சு. அழைப்பிதழ் இல்லாம விடக்கூடாதுன்னு ஆர்டரும்மா. கொஞ்ச நேரம் இங்கனதான் நின்னுச்சு. ரொம்ப இருட்டிரும்னு அந்தப் பக்கமாப் போயிருச்சு.”

அந்தப் பக்கம் என்றால் சுவரோரப் பாதை. செல்வராணி டார்ச்சை எரியவிட்டாள். பேராசிரியர் வாட்ச்மேனைப் பார்த்தார், அப்புறம் கேட்டின் மேலே கட்டியிருந்த ‘மக்கள் மேடை – அனைவரும் வருக’ பேனரைப் பார்த்தார். தன்மீது கிடந்த பொன்னாடையை உருவிக் கக்கத்தில் செருகிக்கொண்டார். மூன்று பேரும் பாதையில் இறங்கினோம்.

மேகத்துக்குள் நடந்திருக்கிறீர்களா? முன்னால் போகிறவரின் முதுகு தெரியும். அதற்கு முன்னால் ஒன்றும் தெரியாது. டார்ச் அடித்தால் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே விழும். இங்கே எல்லோரும் செய்கிற ஒரு காரியம் உண்டு. அப்படி நடக்கும்போது சத்தமாகப் பேசிக்கொண்டே போகவேண்டும். ஆள் வருகிறது என்று மாட்டுக்குத் தெரிந்தால் அதுவே ஒதுங்கிவிடும். சத்தமில்லாமல் போய் அதன் முன்னால் நின்றால்தான் அது மிரளும். மிரண்டால் முட்டும். தனியாகப் போகிறவர்கள் பாட்டுப் பாடுவார்கள், சிலர் பொண்டாட்டியைத் திட்டுவார்கள். எதுவானாலும் சரி, வாய் மூடக்கூடாது.

சரி, பேசவேண்டியதுதானே? மைக்கை விடாத எனக்குத் தொண்டையில் சத்தம் வரவில்லை. பேராசிரியர் “இந்த... இந்தப் பாதை...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். வலதுபுறம் சுவர். இடதுபுறம் ஓடை, தண்ணீர்ச் சத்தம் மட்டும். புதருக்குள் ஏதோ முறியும் ஒவ்வொரு தடவையும் நான் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டேன். என் கால் பாட்டுக்கு நடந்தது, ஏன் நடக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. செல்வராணி மட்டும் “வினோ... பாப்பா... அம்மா வாரேன்... அம்மா வாரேன்” என்று ஒரே சீராகச் சொல்லிக்கொண்டே போனாள்.

ஒரு வளைவில் முன்னாலிருந்து குரல் கேட்டது. சின்னக் குரல், ஆனால் கணீரென்று.

“ஹைட்ரஜன்... ஹீலியம்... லித்தியம்... பெரிலியம்...”

கெமிஸ்ட்ரி! பிள்ளை பாடத்தை ஒப்பித்துக்கொண்டே நடக்கிறாள். செல்வராணி அப்படியே நெஞ்சில் கையை வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் வந்துவிட்டது.

“போரான்... கார்பன்... நைட்ர...”

நின்றுவிட்டது.

காத்திருந்தோம். ஓடைச் சத்தம். பேராசிரியர் என் முழங்கையைப் பிடித்திருந்தார், அல்லது நான் அவருடையதை. நைட்ரஜன் வரவே இல்லை.

இன்னும் கொஞ்சம் முன்னால் போனோம். முதலில் கால்கள் தெரிந்தன. முழங்காலுக்குக் கீழே வெள்ளை, சாக்ஸ் போட்ட மாதிரி. அப்புறம்தான் மேலே இருந்த கறுப்பு எங்களுக்கு விளங்கியது. பாதையை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அதற்கு அந்தப்புறம் வினோதினி. இந்தப்புறம் அவள் அம்மா.

ஓடினால் துரத்தும். கத்தினால் மிரளும், மிரண்டால் எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்குத் தெரியும்? செல்வராணி டார்ச்சை அணைத்தாள். அப்புறம் அவள் செய்ததை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். நேராக நின்றுகொண்டு, சத்தமாக, சீராகச் சொன்னாள்:

“அனைவருக்கும் வணக்கம். என் பேரு செல்வராணி.”

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அவளுக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது அது ஒன்றுதான். ஒரு வாரமாக மனப்பாடம் பண்ணியது.

“இந்த மேடையில பேச வாய்ப்புக் குடுத்த உங்க எல்லாருக்கும் நன்றி...”

நின்றாள். உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை. மூணாவது வரி! மாடு தலையைத் திருப்பி எங்கள் பக்கம் பார்த்தது. கொம்பு தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது மாட்டுக்கு அந்தப்பக்கத்திலிருந்து நடுங்குகிற குரல் ஒன்று எடுத்துக் கொடுத்தது.

“எங்க ஊருக்கும்... உங்க வளாகத்துக்கும் நடுவுல... ஒரு கேட்டுதான் இருக்கு... சொல்லும்மா.”

“எங்க ஊருக்கும் உங்க வளாகத்துக்கும் நடுவுல ஒரு கேட்டுதான் இருக்கு.” செல்வராணியின் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, குரல் மட்டும் ஆடவில்லை. “அது பூட்டியிருக்கு. சாயங்காலம் பஸ் வர்ற நேரத்துக்கு அதைத் தொறந்து விட்டீங்கன்னா, எங்க புள்ளைங்க லைட்டு வெளிச்சத்துல வீடு வந்து சேரும். எனக்கு ஒரே பொண்ணு. நல்லாப் படிக்கிறா. பாதைக்குப் பயந்து அவ படிப்ப நிப்பாட்ட எனக்கு மனசு வரல. நிப்பாட்டாம இருக்கத் தைரியமும் வரல. நீங்க பெரியவங்க, பாத்துச் செய்யணும். நன்றி, வணக்கம்.”

மாடு ஒரு பெருமூச்சு விட்டது. அவசரமே படாமல் உடம்பைத் திருப்பி ஓடைப் பக்கம் இறங்கியது. கற்கள் உருண்டன, செடிகள் முறிந்தன. அப்புறம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

செல்வராணி ஓடிப்போய் மகளின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். “நிக்க மாட்டியாடீ அங்கேயே!” அப்புறம் கட்டிக்கொண்டாள். பிள்ளைக்குப் பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது. அந்த நிலைமையிலும், “எப்பப் பாத்தாலும் மூணாவது வரியவே விட்டுர்றம்மா நீ” என்றாள்.

மிச்ச தூரம் நான்கு பேரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போனோம். என்ன பேசினோம் என்று கேட்காதீர்கள். பாதை முடிகிற இடத்தில் அந்த பின் கேட் இருந்தது. கம்பிக்கு உள்ளே டியூப் லைட்டுகள் பளிச்சென்று எரிகின்றன, ஈ காக்கா இல்லாத சிமெண்ட் ரோட்டில். உள்ளே கொஞ்ச தூரத்தில் பேராசிரியரின் குவார்ட்டர்ஸ். அவர் வீட்டு வராந்தா லைட் தெரிகிறது. மனுஷன் கம்பியைப் பிடித்துக்கொண்டு செக்யூரிட்டி ஆபீஸுக்கு போன் போட்டார். சாவி நிர்வாக அதிகாரியிடம். அதிகாரி கீழே வத்தலக்குண்டுக்குப் போயிருக்கிறார். திங்கட்கிழமைதான் வருவார்.

“சார், அது தொறக்க மாட்டாங்க சார். சுத்தித்தான் போகணும்” என்றாள் செல்வராணி. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், குத்தல் ஏதும் இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஊர் ஆட்கள் சிலர் வந்து, சத்தமாகக் கதை பேசிக்கொண்டே எங்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அது எனக்கு இரண்டாவது தவணை பயம். அதை எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார், விட்டுவிடுகிறேன்.

திங்கட்கிழமை பேராசிரியர் கடிதம் கொடுத்தார். ‘பாதுகாப்புக் காரணங்கள்’ இருப்பதால் கமிட்டியில் வைத்துத்தான் முடிவெடுக்க முடியும் என்று பதில் வந்தது. யாருடைய பாதுகாப்பு என்று அதில் எழுதியிருக்கவில்லை. பாவம், அவரே இரண்டு நாள் சாயங்காலம் அம்மாவுக்கும் பெண்ணுக்கும் துணைக்குப் போனார். ஆனால் திரும்பி வர அவருக்குத் துணை தேவைப்பட்டது.

நேற்று போன் பண்ணினார். “மேடம், அடுத்த மாச மக்கள் மேடைக்கு ஒரு நல்ல தலைப்பு சொல்லுங்களேன்.”

“சாவி” என்றேன்.

“செல்வராணியையே முதல்ல பேச வச்சிரலாம் மேடம்” என்றார். நல்லதுதான். ஆனால் அவள் ஏற்கெனவே ஒருதடவை பேசிவிட்டாளே? கடைசி வரை நின்று கேட்டு, கேட்டதும் வழியை விட்டது அந்த மாடு ஒன்றுதான்.

அரையாண்டுப் பரீட்சை முடிகிறவரை பார்ப்பாளாம் செல்வராணி. அதற்குள் கேட் திறக்காவிட்டால் பிள்ளையை அனுப்பமாட்டாள். நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அனுப்பு என்று சொல்வேன்? அந்தப் பாதையில் நடந்தவள் நான். ஒன்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். தினமும் வினோதினி வீடு வந்து சேர்ந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கவேண்டும்.

இதோ, எழுதிக்கொண்டிருக்கும்போதே நாயுடுபுரத்தில் மேகம் இறங்கிவிட்டது. எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை. பஸ் வந்திருக்கும். இறங்கியிருப்பார்கள். வளைவு தாண்டியிருப்பார்களா? அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. போன் மடியில் இருக்கிறது. ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம்... எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

அடித்தது. நின்றது. செல்வராணிதான்.

அப்பாடா... ஆனால் நாளைக்கும் பள்ளிக்கூடம் இருக்கிறதே!